பின்பலகையைத் திறந்து காட்டிய பிறகே விலை பேச வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில் வரும் வரி விளம்பரங்களில் பழைய பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. "வின்டேஜ், வால்வு செட், அமெரிக்கன் மேக், குட் கண்டிஷன்" என்ற சில சொற்களும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டுமே அவற்றில் இருக்கின்றன. இவற்றை நம்பி வாங்கச் சென்ற இளைஞர்கள் சிலருக்குத் துணையாகப் போய் வந்தவன் என்ற முறையிலும், சேலத்து மெல்லிசைக் குழுக்களில் நெடுங்காலமாகப் பேஸ் கிட்டார் வாசித்து வருபவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: பின்பலகையைக் கழற்றி உள்ளே இருப்பதைக் காட்டாமல் யாரும் இந்தப் பொருளுக்கு விலை சொல்லக் கூடாது; அதைப் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுக்கவும் கூடாது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பகுதியில் இந்த ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு விதமாகக் கைமாறுகின்றன. ஏற்காட்டில் ஆங்கிலேயர் காலந்தொட்டு இருந்து வரும் தேவாலயங்கள், உறைவிடப் பள்ளிகள், காப்பித் தோட்டத்துப் பங்களாக்கள் ஆகியவற்றின் சாமான் அறைகளில் கிடப்பவை, இடத்தை அடைக்கின்றன என்பதற்காகப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகின்றன. அப்படிப் போன ஒன்றின் டிரான்ஸ்பார்மரை, உள்ளிருக்கும் செம்புக் கம்பிக்காகச் சுத்தியலால் உடைத்துப் போட்டிருந்ததை நானே பார்த்தேன். மற்றொரு புறம், அதே வகைப் பொருளைத் தரகர் ஒருவர் கையில் எடுத்துத் துடைத்து, புதிய ரெக்ஸின் ஒட்டி, குமிழ்களை மாற்றி, "அறுபது வருஷத்துச் சாமான்" என்று சொல்லி லட்சங்களில் விலை கேட்கிறார். எடைக்குப் போட்டவருக்கும் அதன் மதிப்பு தெரியவில்லை, லட்சம் கேட்பவருக்கும் தெரியவில்லை. இருவருமே அதைத் திறந்து பார்க்கவில்லை.

பேஸ் கிட்டாருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்று கேட்பவர்களுக்காக அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வுகளைத் தருகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி அதில் பாதி, அதாவது 41 அதிர்வுகளைத்தான் தருகிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை உரக்கக் கேட்கச் செய்ய வேண்டுமானால் ஸ்பீக்கரின் கோன் (கூம்பு வடிவக் காகிதப் பகுதி) அதிகத் தொலைவு முன்னும் பின்னும் அசைய வேண்டும். அதைத் தாங்கும் பெட்டி வேண்டும். வால்வு செட்டாக, அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளில் இயங்குவதாக இருந்தால், வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் போதுமான அளவு இரும்புத் தகடு இருக்க வேண்டும். இரும்பு குறைவாக இருந்தால் தாழ்ந்த சுரங்களில் அந்த டிரான்ஸ்பார்மர் நிறைவடைந்து, அதற்கு மேல் ஏற்க இயலாமல் ஒலி நசுங்கிவிடும். நல்ல பழைய பேஸ் ஆம்ப்ளிஃபயரை இருவர் சேர்ந்து தூக்க வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம். அதன் விலையில் பெரும்பங்கு அந்த இரும்பிலும் செம்பிலும்தான் அடங்கியிருக்கிறது.

இனி, நம் ஊரில் பெயர் அடிபடும் சில மாடல்களை ஒப்பிட்டுச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரை வெளியிட்டது. அதற்குத் துணையாக 1952-இல் வந்தது பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயர். தொடக்கத்தில் அதில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுதான் இருந்தது. 1950-களின் நடுவில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்கு மாறினார்கள். 1958 முதல் 1960 வரை வந்த 5எஃப்6-ஏ என்ற மின்சுற்று கொண்ட பேஸ்மேன்தான் இன்று உலகெங்கும் மிக அதிக விலைக்குப் போகிறது. 1962-இல் லண்டனில் உருவான முதல் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரும் ஏறத்தாழ இதே மின்சுற்றைத்தான் பின்பற்றியது. ஆனால் இதைத் தேடி வாங்குபவர்களில் பெரும்பாலோர் பேஸ் வாசிப்பவர்கள் அல்லர், லீட் கிட்டார் வாசிப்பவர்கள். 40 வாட்டைச் சற்றே தாண்டும் ஆற்றலும், பின்புறம் திறந்த பெட்டியும், காகிதக் கோன் கொண்ட சிறிய ஸ்பீக்கர்களும் பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைக் கோவில் திடலில் தாங்க மாட்டா. உரக்க வைத்தால் ஸ்பீக்கர் கிழியும். பேஸ் வாசிக்கும் தம்பி ஒருவன், ஆம்ப்ளிஃபயரின் பெயரில் "பேஸ்" இருப்பதை மட்டும் வைத்து இதற்குக் கடன் வாங்கிப் பணம் கட்டத் தயாராக இருந்தபோது, வேண்டாம் என்று நான் தடுத்தேன். பொருள் குறையுள்ளது அன்று. அவன் தேவைக்கு அது பொருந்தாது, அவ்வளவே.

ஆம்பெக் நிறுவனத்தின் வழி வேறு. அதன் நிறுவனர் எவரெட் ஹல், நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸின் அடிமுளையில் (தரையில் ஊன்றும் முனையில்) மைக் பொருத்தும் முறையிலிருந்து தொடங்கியவர் என்பதால், அவருடைய கவனம் முதலிலிருந்தே தாழ்ந்த ஒலியின் தெளிவில் இருந்தது. 1960-இல் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த போர்டாஃப்ளெக்ஸ் பி-15-இல் ஆம்ப்ளிஃபயர் பகுதி பெட்டியின் மூடியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். மூடியைப் புரட்டி வைத்தால் வாசிக்கலாம், மறுபடி புரட்டினால் உள்ளே போய்விடும். 25 வாட்தான், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுதான். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்திலும், சிறிய அரங்கிலும், தேவாலயப் பாடகர் குழுவுடனும் வாசிக்க இதைவிட இனிமையான பேஸ் ஒலியை நான் கேட்டதில்லை. சுரத்தின் தொடக்கம் மெத்தென்று இருக்கும், நடு ஒலி உருண்டு நிற்கும். அமெரிக்காவில் ஒரு தலைமுறைப் பதிவுகளின் பேஸ் ஒலி இந்தப் பெட்டியோடு சேர்த்தே பேசப்படுகிறது.

அதே நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த எஸ்விடி முற்றிலும் வேறு நோக்கத்திற்கானது. 300 வாட், 14 வால்வுகள், முழுவதும் அடைத்த பெட்டிக்குள் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள். ஆம்ப்ளிஃபயர் இருக்கும் தலைப்பெட்டி மட்டுமே 40 கிலோவை ஒட்டி எடை. அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக் குழு தன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இவற்றைப் பயன்படுத்தியது. ஆடித் திருவிழாவில் குகையிலும் அம்மாப்பேட்டையிலும் வண்டி வேடிக்கைக்குத் திரளும் கூட்டத்தின் முன் பேஸ் ஒலி மேடையிலிருந்தே கேட்க வேண்டுமென்றால் இது ஈடுகொடுக்கும். ஆனால் அதைத் தூக்கி ஏற்ற ஆட்கள், ஆறு பவர் வால்வுகளைச் சேர்த்து மாற்றும் செலவு, உள்ளே 600 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் மின்னழுத்தம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். முதலில் வந்தவற்றில் 6146பி என்ற வால்வும் பின்னர் வந்தவற்றில் 6550-உம் இருக்கும். முன்னதற்கு ஏற்ற வால்வு கிடைப்பது கடினம் என்பதால் வாங்குபவர் இதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

டிரான்சிஸ்டர் செட்டுகளை நம்மவர்கள் ஏளனமாகப் பார்ப்பது சரியன்று என்பது என் கருத்து. அக்கூஸ்டிக் நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் கொண்டுவந்த 360 மாடல் டிரான்சிஸ்டரில் இயங்குவதுதான். 200 வாட்டும், பின்னோக்கிப் பொருத்திய 18 அங்குல ஸ்பீக்கரும், ஒலி மடங்கி மடங்கி வெளியே வரும் பெட்டியும் கொண்டது. புகழ்பெற்ற அமெரிக்கப் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஒலி இதிலிருந்து பிறந்தது. இதன் அருகில் நின்று வாசிப்பவருக்கு ஒலி மெலிவாகத்தான் கேட்கும். சில மீட்டர் தள்ளிப் போனால்தான் முழு ஒலியும் வந்து சேரும். இதை அறியாமல் பெட்டிக்கு முன்னால் குனிந்து கேட்டுவிட்டு "பவர் இல்லை" என்று திரும்பிப் போனால் நல்ல பொருள் கைவிட்டுப் போகும். 1980-களின் காலியன்-குரூகர் 800ஆர்பி போன்றவையும் அப்படியே: எடை குறைவு, வால்வு மாற்றும் வேலை இல்லை, பழுது பார்க்க ஆள் கிடைப்பார், விலையும் வால்வு செட்டுகளின் அருகில் வராது. வாரம்தோறும் மேடை ஏறுகிற குழுக் கலைஞருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இவ்வகையைத்தான்.

இப்போது பின்பலகைக்கு வருகிறேன். அமெரிக்கத் தயாரிப்பு எனில், ஸ்பீக்கரின் உலோகச் சட்டத்திலும் டிரான்ஸ்பார்மரின் மூடியிலும் ஓர் எண் வரிசை அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும்: ஜென்சன் ஸ்பீக்கர் என்றால் 220, ஆக்ஸ்ஃபோர்டு என்றால் 465, ஷூமாக்கர் டிரான்ஸ்பார்மர் என்றால் 606. அடுத்து வருவது ஆண்டு. கடைசி இரண்டு இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. 606514 என்று இருந்தால் ஷூமாக்கர், ஐந்தில் முடியும் ஆண்டு, 14-ஆம் வாரம். அது 1955-ஆ 1965-ஆ என்பதை மாடலை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஃபெண்டரில் பெட்டியின் உட்புறம் ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணைத் தாளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 'ஏ' என்றால் 1951 என்ற கணக்கில் 'எச்-சி' என்பது 1958 மார்ச். இத்தாள் கிழிந்திருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் பெட்டி 1958 என்றும் இரண்டு டிரான்ஸ்பார்மர்களும் 1970-களைச் சேர்ந்தவை என்றும் காட்டினால், விற்பவர் அதற்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர். நிலம் வாங்கும் முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிற நாம், இந்த எண்களைப் படிக்க ஒரு டார்ச் விளக்குடன் கால்மணி நேரம் செலவிடத் தயங்குவது வியப்பாக இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஃபெண்டர் நிறுவனமே 1990-இல் பழைய பேஸ்மேனை மறுபதிப்பாக வெளியிட்டது. அது தன்னளவில் நேர்மையான, நல்ல தயாரிப்பு. ஆனால் அதற்கும் இப்போது முப்பது வயதைக் கடந்துவிட்டது. துணி மங்கி, கைப்பிடி பிய்ந்து, பார்ப்பதற்குப் பழையதாகவே தெரியும். உள்ளே பார்த்தால் ஐயமே எழாது. 1950-களின் பொருளில் உறுப்புகள் கண்ணிகள் பதித்த தடித்த அட்டையில் கையால் பற்றவைக்கப்பட்டிருக்கும். மறுபதிப்பில் அச்சிட்ட சர்க்யூட் போர்டு இருக்கும். இரண்டின் விலைக்கும் இடையே பன்மடங்கு வேறுபாடு உண்டு. மறுபதிப்பை மறுபதிப்பு என்று சொல்லி விற்பதில் யாருக்கும் இழிவில்லை.

எந்த உறுப்பை மாற்றியிருந்தால் விலை குறையும், எதை மாற்றியிருந்தால் குறையாது என்பதில்தான் நம் ஊரில் பெருங்குழப்பம் நிலவுகிறது. பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கன்டென்சர்கள் (மின்னைத் தேக்கி வைக்கும் உறுப்புகள்) காலப்போக்கில் காய்ந்துவிடும். வால்யூமை முழுவதும் குறைத்த பிறகும் ஸ்பீக்கரில் ரீங்காரம் தொடர்ந்து கேட்டால் முதலில் ஐயப்பட வேண்டியது அவற்றைத்தான். "எல்லாம் ஒரிஜினல், ஒன்றைக்கூடத் தொடவில்லை" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அறுபது ஆண்டுப் பழைய கன்டென்சர்கள் அதில் இன்னும் இருக்கின்றன என்றுதான் பொருள். அப்பொருளைச் செருகியவுடன் அவை வெடித்து, பவர் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடக் கூடும். தேர்ந்த மெக்கானிக் ஒருவர் அவற்றை மாற்றி, கழற்றிய பழையவற்றை ஓர் உறையில் போட்டு வைத்திருந்தால் அதற்கு விலை கூடுதலாகவே தரலாம். வால்வுகளும் தேய்பவைதாம், மாற்றியிருப்பது குற்றமன்று. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் தயாரித்த வால்வுகள் இன்னும் சில பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. அவை போற்றத் தக்கவை.

டிரான்ஸ்பார்மர்களும் ஸ்பீக்கரும் அப்படியல்ல. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் மாற்றப்பட்டிருந்தால் சேகரிப்பாளர் தரும் விலை பெருமளவு இறங்கும். வாசிப்பவரைப் பொறுத்தவரை, மாற்றியது தரமானதாக இருந்தால் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை. சேலத்தில் தறிப்பட்டறைகளும் பம்ப்செட்டுகளும் மிகுதி என்பதால் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்குக் குறைவில்லை. அவர்கள் தம் தொழிலில் வல்லவர்கள். ஆனால் ஆடியோ அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் முதன்மைக் கம்பிச் சுற்றும் துணைக் கம்பிச் சுற்றும் ஒன்றுக்கிடையில் ஒன்றாக அடுக்கடுக்காகச் சுற்றப்பட வேண்டும். சுற்று எண்ணிக்கை சரியாக இருந்தும் இந்த அடுக்கு முறை தவறினால் ஒலி மழுங்கிவிடும். அதை அறிந்து சுற்றியவர் யார் என்று கேட்காமல் "ரீவைண்டிங் செய்தது" என்ற பொருளை வாங்கக் கூடாது.

உயிரோடு தொடர்புடைய செய்தியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1960-களின் அமெரிக்கச் செட்டுகள் பலவற்றில் இரண்டு முனைப் பிளக்தான் இருக்கும், எர்த் கிடையாது. ரீங்காரத்தைக் குறைக்க மின்கம்பிக்கும் உலோகச் சாஸிக்கும் (உறுப்புகளைத் தாங்கும் சட்டத்துக்கும்) இடையில் ஒரு கன்டென்சரை வைத்திருப்பார்கள். அது பழுதாகி ஷார்ட் ஆனால் சாஸி முழுவதும் மின்சாரம் பாயும். சாஸியிலிருந்து கார்டு (கிட்டாரை இணைக்கும் கம்பி) வழியாகப் பேஸ் கிட்டாரின் தந்திக்கு வரும். கலைஞரின் உதடு மைக்கைத் தொட்ட நொடியில் அது அவர் உடல் வழியே கடக்கும். அந்தக் கன்டென்சரை நீக்கி, மூன்று முனைப் பிளக் போட்டு, சாஸியை எர்த்துடன் இணைப்பது ஒரு மெக்கானிக்குக் கால் நாள் வேலை. இதைச் செய்யாத செட்டை மேடைக்குக் கொண்டுவர எந்தக் குழுத் தலைவரும் அனுமதிக்கக் கூடாது. "ஒரிஜினல் பிளக் போய்விட்டதே" என்று விலையைக் குறைத்துக் கேட்பவருக்கு விற்க வேண்டாம் என்றே சொல்வேன்.

அதே போல, பின்பலகையைக் கழற்றுவது வேறு, சாஸியை வெளியே இழுப்பது வேறு. பின்பலகையைக் கழற்றினால் வால்வு, டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர், தாள், எண்கள் ஆகியவை கண்ணுக்குத் தெரிந்துவிடும். வாங்குபவருக்கு அது போதும். சாஸிக்குள் இருக்கும் கன்டென்சர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பல நூறு வோல்ட்டுகளைத் தேக்கி வைத்திருக்கும். அதை முறையாக வடித்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும் என்பதை அறிந்த மெக்கானிக் மட்டுமே உள்ளே கைவைக்கலாம். பல ஆண்டுகள் செருகாமல் கிடந்த செட்டை முதல் முறை சோதிக்கும்போது நேரடியாக பிளக்கில் மாட்டாமல், சீரிஸ் பல்பு போர்டு (மின்சாரம் ஒரு பல்பைக் கடந்தே செட்டுக்குச் செல்லும் பலகை) வழியாகக் கொடுக்குமாறு கேளுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. பேரம் அங்கேயே முடிந்தது.

மின்னழுத்தம் பற்றி விளம்பரங்களில் ஒரு சொல்கூட இருப்பதில்லை. அமெரிக்கச் செட்டுகள் 117 அல்லது 120 வோல்ட்டுக்கும், ஜப்பான் நாட்டுக்கென்று தயாரான செட்டுகள் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நம்முடையது 230 வோல்ட். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதன் அளவு செட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வாட் அளவைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வகை அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, மின்வாரியக் கம்பியிலிருந்து செட்டைப் பிரித்து வைக்காது. ஆகையால் தனித்தனிக் கம்பிச் சுற்றுகள் கொண்டதையே வாங்க வேண்டும். மேலும், 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்கிட்டுச் செய்த பவர் டிரான்ஸ்பார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். அரைமணி நேரம் வாசித்த பிறகு அதன் மூடியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். திருவிழா மேடைகளில் ஜெனரேட்டர் கொடுக்கும் மின்சாரம் ஏறி இறங்கும் என்பதை நம் கலைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெபிலைசர் இல்லாமல் வால்வு செட்டை அதில் மாட்ட வேண்டாம்.

ஸ்பீக்கரின் ஓம்ஸ் (மின்தடை) அளவும் விளம்பரத்தில் எழுதப்பட வேண்டும். வால்வு செட்டை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறி அதன் காப்பு எரிந்துபோகும். டிரான்சிஸ்டர் செட்டுக்கு ஸ்பீக்கர் இல்லாததால் பெரும்பாலும் கேடில்லை. அளவுக்கு மீறிப் பெட்டிகளை இணைத்து ஓம்ஸைக் குறைத்தால்தான் கேடு. இரண்டு 8 ஓம்ஸ் பெட்டிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம்ஸ் ஆகிவிடும் என்ற கணக்கு தெரியாமல் எரிந்துபோன செட்டுகள் ஏராளம்.

இரண்டு செட்டுகளை ஒப்பிடும் முறையிலும் மாற்றம் வேண்டும். ஒன்றை ஒரு வீட்டிலும் மற்றொன்றை வேறொரு வீட்டிலும் கேட்டுவிட்டு எது சிறந்தது என்று முடிவு செய்கிறார்கள். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். பத்துக்குப் பத்து அறையில், அதுவும் மூலையில் பெட்டியை வைத்துக் கேட்டால், நாம் கேட்பது அறையைத்தான். ஒரே பேஸ் கிட்டார், ஒரே தந்தி, ஒரே கார்டு, முடிந்தால் ஒரே ஸ்பீக்கர் பெட்டி ஆகியவற்றுடன் ஒரு கல்யாண மண்டபம் அளவுள்ள இடத்தில் கேட்க வேண்டும். இரண்டின் ஒலி அளவும் ஒன்றாக இருக்கிறதா என்பதைப் பத்தடி தள்ளி நிற்கும் ஒருவர் சொல்ல வேண்டும். ஏனெனில் சற்று உரக்கக் கேட்பது எதுவோ அதுவே சிறந்தது என்று காது ஏமாந்துவிடும், தாழ்ந்த ஒலியில் இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம். தடித்த தந்தியைத் திறந்த நிலையில் மீட்டி, அது தேயும் வரை விட்டுக் கேளுங்கள். ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் உரசினாலோ கோன் கிழிந்திருந்தாலோ அப்போது கரகரப்பாகத் தெரியும். வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்கவும் வேண்டாம். வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் தேவை.

ஏற்காட்டிலிருந்து வரும் பொருள்களுக்குத் தனிக் கவனம் தேவை. 1,500 மீட்டர் உயரத்தில் ஆண்டில் பல மாதங்கள் பனியும் மழையும் மூடிக் கிடக்கும் இடத்தில், காகிதக் கோன் ஈரம் ஏறி நமத்துப்போகும், டிரான்ஸ்பார்மரின் காகிதக் காப்பு நீரை உறிஞ்சும், வால்வுக் கால்களில் களிம்பு பிடிக்கும். அங்கிருந்து கொண்டுவந்த செட்டை அன்றைக்கே செருகாமல், சில நாட்கள் காற்றோட்டமான உலர்ந்த அறையில் வைத்திருந்து சோதிப்பது நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கொண்டுவரும்போது வால்வுகளைக் கழற்றி, எந்தக் குழியில் எது இருந்தது என்று எழுதி, துணியில் சுற்றித் தனியாக எடுத்து வர வேண்டும். டிரான்ஸ்பார்மர் திருகுகளையும் முன்னதாக இறுக்கிவிட வேண்டும்.

தேவாலயக் குழுக்களுக்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும் என் வேண்டுகோள்: எடைக்குப் போடும் முன் ஒரு மெக்கானிக்கையோ ஒரு கலைஞரையோ அழைத்துப் பின்பலகையைத் திறக்கச் சொல்லுங்கள். இயங்காத செட்டிலும் டிரான்ஸ்பார்மர்கள் நன்றாக இருந்தால் அது இரும்பு விலைக்குப் போக வேண்டிய பொருளன்று. விற்கும் முன் துடைத்துப் பளபளப்பாக்கவோ புதிய ரெக்ஸின் ஒட்டவோ வேண்டாம். தூசியோடு இருக்கும் பொருளைத்தான் வாங்குபவர் அதிகம் நம்புவார்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் விளம்பரப் பிரிவு பற்றியது. பழைய ஆம்ப்ளிஃபயர் விற்க வருபவரிடம், வால்வா டிரான்சிஸ்டரா, எத்தனை வோல்ட், எத்தனை ஓம்ஸ், எவையெவை மாற்றப்பட்டுள்ளன, திறந்து பார்த்து முழு ஒலியில் கேட்க அனுமதி உண்டா என்ற விவரங்களைக் கேட்டு வாங்கி விளம்பரத்தில் சேர்க்கத் தங்கள் ஊழியர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். கூடுதலாக இரண்டு வரிகள்தான் ஆகும். நகரில் வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்த மூத்த மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கொண்டு இத்தகைய செட்டைச் சோதிக்கும் முறை பற்றித் தங்கள் நாளிதழில் படங்களுடன் ஒரு கட்டுரை வெளியிட்டால், ஆடி மாதத்திற்கு முன் செட் வாங்க நினைக்கும் குழுக்களுக்குப் பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுப் பேஸ் கிட்டார் கலைஞன்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.